சமம் என்று அளப்பவர் யார்?
பிரிட்டனில் பெண்களின் ஊதியக் கோரிக்கையும் அரசுகளின் பதில்களும்

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்னும் தொடர் மேடைகளிலும் ஏடுகளிலும் புழங்கித் தேய்ந்துவிட்டது. கேட்பவர் எவரும் அதை மறுப்பதில்லை. ஆனால் அத்தொடரில் ‘சம’ என்னும் சொல் இருமுறை வருகிறது என்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. ஊதியம் சமமா என்பதைச் சம்பளப் பதிவேட்டைப் புரட்டிச் சொல்லிவிடலாம். வேலை சமமா என்பதை எந்தப் பதிவேட்டைப் புரட்டிச் சொல்வது? தையல் இயந்திரத்தில் அமர்ந்திருப்பவளின் வேலையும் உலோகத் தகட்டை வளைப்பவரின் வேலையும் சமமா? சமையற்காரியின் வேலையும் தச்சரின் வேலையும் சமமா? இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ, ஊதியத்தைத் தீர்மானிப்பவரும் அவரே.

பிரிட்டனில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் சம ஊதியப் போராட்டத்தை இக்கண்கொண்டு நோக்குவது நமது நோக்கம். அந்நாட்டை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே அரசு அளித்த பதில்கள் நாடாளுமன்றக் குறிப்புகளிலும் ஆணைய அறிக்கைகளிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பதிவாகிக் கிடக்கின்றன. எவர் எதைச் சொல்லிக் காலம் கடத்தினார் என்பதை மறைக்க வழியில்லை.

1888-ஆம் ஆண்டில் பிரிட்டனின் தொழிற்சங்கப் பேராயத்தில் கிளமென்டினா பிளாக் என்னும் பெண்மணி ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். ஆண் செய்யும் அதே வேலையைப் பெண் செய்தால் அவளுக்கும் அதே கூலி தரப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. ஆண்களே நிறைந்திருந்த அவையில் அது எளிதாக நிறைவேறியதன் இரகசியம் சற்றுக் கசப்பானது. பெண் குறைந்த கூலிக்குக் கிடைப்பாளாயின் முதலாளி ஆணை வெளியேற்றிவிட்டு அவளை அமர்த்துவான் என்ற அச்சம் சங்கத்தவர் பலருக்கு இருந்தது. கூலியைச் சமமாக்கிவிட்டால் பெண்ணை அமர்த்துவதில் முதலாளிக்கு இலாபம் இராது! நியாயத்தின் மீதுள்ள பற்றும் வேலை பறிபோகும் என்ற அச்சமும் ஒரே தீர்மானத்திற் கலந்திருந்தன.

எதிர்த்தரப்பின் வாதமும் அன்று முதல் ஒன்றேதான். ஆண் குடும்பத்தைத் தாங்குபவன்; ஆதலால் அவனுக்குக் கூடுதல் கூலி வேண்டும் என்றனர். நம் வாசகர் சிலரும் இதையே கேட்கக்கூடும். மனைவி மக்களின் நஃபகா ஆணின் மீது கடமையாயிருக்க, அவன் கூலி கூடுதலாயிருப்பதில் தவறென்ன என்று வகுப்பறையிலேயே நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு பாடங்களில் வைத்திருப்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நஃபகா திருமணத்தாலும் உறவாலும் வரும் கடமை. கூலியோ ‘இஜாரா’ என்னும் ஒப்பந்தத்தில், உழைப்பின் பயனுக்கு ஈடாகத் தரப்படும் விலை. பத்துப் பிள்ளைகள் பெற்றவர் என்பதற்காகத் தச்சரிடம் நாற்காலியை இருமடங்கு விலைக்கு நாம் வாங்குவதில்லை. பிரிட்டனின் முதலாளிகளும் மணமாகாத வாலிபனுக்குக் கூலியைக் குறைத்ததில்லை. பிள்ளைகளோடு தனித்து நின்ற கைம்பெண்ணுக்கு உயர்த்தியதுமில்லை. குடும்பச் சுமையைக் கூலியிற் சேர்க்காமல் தனியே கவனிக்க வேண்டும் என்று எலினர் ராத்போன் 1924-இல் ஒரு நூலே எழுதினார். 1945-இல் பிரிட்டன் குடும்பப் படிச் சட்டத்தை இயற்றி, பிள்ளைகளுக்கான தொகையைத் தாயிடம் வழங்கத் தொடங்கியது. அதன்பின் அந்தப் பழைய வாதத்திற்கு வலுவிருந்திருக்கக் கூடாது. ஆயினும் இருந்தது.

முதல் உலகப் போரில் ஆண்கள் களத்திற்குச் சென்றபோது பேருந்திலும் டிராமிலும் சீட்டுக் கொடுக்கப் பெண்கள் வந்தனர். 1918 ஆகஸ்ட் மாதத்தில் ஆண்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் போர்க்காலப் படி உயர்த்தப்பட்டது, பெண்களுக்கு இல்லை. இலண்டனின் வில்ஸ்டன் பணிமனையிற் பெண்கள் வேலையை நிறுத்தினர். சில நாட்களில் அது பிற ஊர்களுக்கும் பரவியது. படி கிடைத்தது. அரசு அமைத்த குழுவில் இருந்த பியாட்ரிஸ் வெப் 1919-இல் தம் உடன் உறுப்பினர்களிடமிருந்து விலகி, தனி அறிக்கை எழுதினார். பெண்ணின் கூலிக்கென்று ஒரு தனி விதி இருக்க முடியாது என்பது அவர் நிலை.

அதன்பின் நடந்தவற்றில் இரண்டு வாக்கெடுப்புகள் நின்று பார்க்கத் தக்கவை. 1936 ஏப்ரலில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குச் சம ஊதியம் கோரி எல்லன் வில்கின்சன் கொண்டுவந்த திருத்தம் 156-க்கு 148 என்ற கணக்கில் வென்றது. பிரதமர் பால்ட்வின் அதைத் தம் அரசின் மீதான நம்பிக்கைப் பிரச்சினையாக்கிச் சில நாட்களுக்குள் மாற்றிவிட்டார். இரண்டாவது, 1944 மார்ச் 28-இல் நடந்தது. கல்வி மசோதா விவாதத்தின்போது, ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் வேண்டும் என்ற திருத்தத்தை ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த தெல்மா காசலெட் கீர் முன்மொழிந்தார். 117-க்கு 116. ஒரேயொரு வாக்கு! போர் உச்சத்தில் இருந்த அந்நாளில் சர்ச்சில் நேரே அவைக்கு வந்து, அதே விதியை நம்பிக்கை வாக்காக மீண்டும் எடுக்கச் செய்தார். இரண்டு நாட்களுக்குப் பின் முடிவு 425-க்கு 23 ஆயிற்று. ஆசிரியைகளின் சம்பளத்தைக் காப்பாற்ற அரசைக் கவிழ்க்க எவர் துணிவார்? ஹிட்லரை எதிர்த்து நின்ற அரசு, ஆசிரியைகளின் சம்பளக் கோரிக்கையை முறியடிக்கவும் அதே ஆயுதத்தை எடுத்தது என்பதே நமக்கு வியப்பளிக்கிறது.

அதே ஆண்டில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். பரிந்துரை எதுவும் செய்யக் கூடாது என்பது அதற்கிடப்பட்ட பணி. இரண்டாண்டுகள் ஆராய்ந்து 1946-இல் அறிக்கை வந்தது. ஆணையத்திலிருந்த பெண் உறுப்பினர் நால்வரில் மூவர் மாறுபட்ட கருத்தைத் தனியே பதிந்தனர். 1947-இல் தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் டால்டன் கொள்கையை ஏற்பதாகவும், நாட்டின் பொருளாதாரம் அதை இப்போது தாங்காது எனவும் அறிவித்தார். ‘கொள்கை சரி, காலம் வரவில்லை’ என்னும் இப்பதிலை இவ்வரலாற்றில் எத்தனை முறை படித்தோம் என்று எண்ணி முடியாது. 1951-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சம ஊதியத்திற்கான 100-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. சுதந்திரம் பெற்றுப் பதினோராண்டே ஆகியிருந்த இந்தியா 1958-இல் அதற்கு இசைவளித்தது. நம்மை ஆண்ட பிரிட்டனோ 1971-இல்தான் அளித்தது.

1954 மார்ச்சில் நான்கு பெண் உறுப்பினர்கள் குதிரை வண்டிகளில் ஏறி, எண்பதாயிரம் கையொப்பங்களோடு நாடாளுமன்றத்திற்கு வந்தனர். அவர்களில் ஒருவர் பார்பரா காசில். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மறு ஆண்டு நிதியமைச்சர் பட்லர் இறங்கிவந்தார். 1944-இல் எவருடைய கல்வி மசோதாவில் அத்திருத்தம் நுழைந்ததோ, அதே பட்லர்தான். அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குச் சம ஊதியம் 1955 முதல் 1961 வரை தவணை தவணையாக வழங்கப்பட்டது. அதிலும் ஒரு பொறி இருந்தது. ஆணும் பெண்ணும் கலந்து பணியாற்றும் பிரிவுகளுக்கே இச்சலுகை. தட்டச்சுச் செய்வோர், துப்புரவு செய்வோர் எனப் பெண்களே நிறைந்த பிரிவுகள் வெளியே நின்றன. ஒப்பிட அருகில் ஓர் ஆண் இல்லை. எனவே சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாம் தொடக்கத்திற் சுட்டிய இரண்டாவது கேள்வி இங்கேதான் தலைகாட்டுகிறது.

அதை ஊரறியச் செய்தவர்கள் இலண்டனுக்குக் கிழக்கே டேகன்ஹாமில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலையின் தையற்காரிகள். காரின் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவர்கள் வேலை. நிறுவனம் தொழிலாளர் அனைவரின் வேலைகளையும் மதிப்பிட்டு ஐந்து தரங்களாகப் பிரித்தது. வேலைக்குச் சேரும்போதே இயந்திரத் திறன் தேர்வில் தேறியாக வேண்டிய இப்பெண்கள், திறன் குறைந்தோருக்கான ‘பி’ தரத்தில் வைக்கப்பட்டனர். தமக்குரியது திறன்மிக்கோரின் ‘சி’ தரம் என்றனர் அவர்கள். போதாக்குறைக்கு, ‘பி’ தர ஆணின் கூலியில் 85 விழுக்காடே ‘பி’ தரப் பெண்ணுக்கு. ஆக, இரண்டு குறைகள். வேலை தாழ்த்தி மதிக்கப்பட்டது ஒன்று. தாழ்த்திய பின்னும் பெண் என்பதற்காகக் கூலி வெட்டப்பட்டது மற்றொன்று.

1968 ஜூன் 7-ஆம் நாள் 187 பெண்கள் வேலையை நிறுத்தினர். உறையில்லாமல் இருக்கையில்லை, இருக்கையில்லாமல் காரில்லை. சில நாட்களில் உற்பத்தி நின்றது. மூன்று வாரங்களுக்குப் பின் வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் அவர்களை அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார். அவ்வமைச்சர் 1954-இல் வண்டியில் வந்த அதே பார்பரா காசில். பெண்களின் கூலி ஆணின் கூலியில் 92 விழுக்காடாக உயர்ந்தது. மறு ஆண்டு முழுமையாகச் சமமாகும் என்ற உறுதியும் கிடைத்தது. இந்நிகழ்ச்சியை 2010-இல் ஆங்கிலத் திரைப்படமாக்கினார்கள். படம் வெற்றிக் களிப்போடு முடிகிறது. ஆனால் அப்பெண்கள் முதலிற் கேட்டது தர உயர்வு. அது மறுக்கப்பட்டது. ‘நீ செய்வது தாழ்ந்த வேலைதான், ஆனால் தாழ்ந்த வேலை செய்யும் ஆணுக்குரிய கூலியை உனக்கும் தருகிறோம்’ என்பதே அவர்கள் பெற்ற பதிலின் பொருள். ‘சி’ தரத்திற்காக அத்தொழிற்சாலையின் பெண்கள் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 1984-இல் மீண்டும் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அப்போதுதான் அது கிடைத்தது.

காசில் அம்மையார் கொண்டுவந்த சம ஊதியச் சட்டம் 1970 மே 29-இல் அரச இசைவு பெற்றது. நடைமுறைக்கு வந்ததோ 1975 டிசம்பர் 29-இல். முதலாளிகள் ஆயத்தமாக ஐந்தாண்டு அவகாசம். அவர்கள் உண்மையிலேயே ஆயத்தமானார்கள்! பல இடங்களில் ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்யாதபடி பணிகள் பிரிக்கப்பட்டன. பதவிப் பெயர்கள் மாற்றப்பட்டன. பெண்களுக்கென்று கடைசித் தரம் ஒன்று ஒதுக்கப்பட்டது. ‘ஒத்த வேலை’ செய்யும் ஆணைச் சுட்டிக்காட்டினால்தான் சட்டம் பேசும். அல்லது பணி மதிப்பீட்டில் இரண்டும் நிகர் என வந்திருக்க வேண்டும். அம்மதிப்பீட்டை நடத்துவதோ முதலாளியின் விருப்பம். இருந்தும் சட்டம் வீணாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970-இல் ஆணின் மணிக்கூலியில் 63 விழுக்காட்டளவில் இருந்த பெண்ணின் மணிக்கூலி, 1977-இல் 75 விழுக்காட்டைத் தாண்டியது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

அடைப்பை உடைத்தது இலண்டன் அல்ல, ஐரோப்பிய நீதிமன்றம். மதிப்பீட்டை முதலாளியின் விருப்பத்திற்கு விட்டது தவறு என 1982-இல் அது தீர்ப்பளித்தது. தாட்சர் அரசு வேண்டாவெறுப்போடு 1983-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அவையில் அவற்றை அறிமுகம் செய்த இளநிலை அமைச்சர் ஆலன் கிளார்க் மதுவருந்திவிட்டு வந்து உளறுகிறார் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் கிளேர் ஷார்ட் அங்கேயே குற்றஞ்சாட்டினார். மது சுவைக்கும் விருந்தொன்றிலிருந்து வந்ததைப் பின்னாளில் தம் நாட்குறிப்பில் அவரே ஒப்புக்கொண்டார். பெண்களின் கூலியை அவ்வரசு எத்தனை மதிப்போடு கருதியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அவ்விதிகளில் ஒரு புதுமை இருந்தது. வெவ்வேறு வேலைகளாயினும் ‘சம மதிப்புள்ளவை’ என்று ஒரு பெண் வாதிடலாம். அதை அளக்கத் தீர்ப்பாயம் சார்பற்ற வல்லுநர் ஒருவரை நியமிக்கும். இதைப் படித்தபோது நம் நினைவு வேறோரிடத்திற்குச் சென்றது. கூலி பேசாமல் வேலை வாங்கியவர் ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’, அதாவது அதுபோன்ற வேலைக்குரிய கூலியைத் தர வேண்டும் என்பது ஃபிக்ஹின் விதி. மஹ்ருல் மிஸ்லை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பெற்ற ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் 414-ஆம் பிரிவு, அக்கூலியை மதிப்பிடுவோர் தந்நலமற்ற துறையறிந்தோராய் இருக்க வேண்டும் என வரையறுத்திருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஃபிக்ஹு ஒப்பிடுவது ஒத்த வேலைகளை. பிரிட்டனின் விதி அதையும் கடந்து ஒவ்வாத வேலைகளை ஒப்பிடுகிறது. ஆனால் கூலி கொடுப்பவரே அளவுகோலையும் தம் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற அறிவு இரண்டிலும் பொதுவானது.

புதிய விதியின்கீழ் முதலில் வென்றவர் பர்க்கன்ஹெட்டில் இருந்த கப்பல் கட்டும் தளமொன்றின் சமையற்காரி. தம் வேலை அங்குள்ள வண்ணம் பூசுபவர், தச்சர், வெப்பக்காப்புத் தொழிலாளி ஆகியோரின் வேலைக்கு நிகரானது என்றார் அவர். வல்லுநர் வந்தார். உடலுழைப்பு, சூழலின் கடுமை, திட்டமிடலும் முடிவெடுத்தலும், திறனும் அறிவும், பொறுப்பு என ஐந்து தலைப்புகளில் நான்கு வேலைகளையும் வைத்து அளந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் நான்கும் சம மதிப்புடையவை. அடுப்படியின் வெம்மையும் ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்டது வரலாற்றில் அதுவே முதன்முறையாக இருக்கலாம். நிறுவனம் விடவில்லை. அப்பெண்ணுக்கு உணவு இடைவேளைக்கும் கூலி உண்டு, விடுப்பும் கூடுதல்; மொத்தத்திற் குறைவில்லை என்று வாதிட்டது. 1988-இல் பிரபுக்கள் அவை அதை ஏற்கவில்லை. அடிப்படைக் கூலி குறைந்தால் அது குறைவுதான். பிற சலுகைகளைக் காட்டி ஈடுகட்ட முடியாது என்றது.

வழி திறந்தவுடன் வழியில் சுங்கச்சாவடியும் வந்தது. 2013 ஜூலை முதல் சம ஊதிய வழக்குத் தொடுத்து விசாரணை வரை செல்லத் தீர்ப்பாயக் கட்டணம் 1,200 பவுண்டு என்றது அரசு. வாரக்கூலிக்குக் கூட்டிப் பெருக்கும் பெண் அதற்கு எங்கே போவாள்? வழக்குகள் பெரிதும் வீழ்ந்தன. 2017 ஜூலையில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அக்கட்டணம் சட்டவிரோதம் எனக் கூறி இரத்துச் செய்தது. அதே ஆண்டு முதல் 250 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் ஆண் பெண் ஊதிய இடைவெளியை வெளியிட வேண்டும் என்ற விதியும் வந்தது. 2024-ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி முழுநேரப் பணியாளரிடையே அவ்விடைவெளி 7 விழுக்காடு. பகுதிநேரத்தாரையும் சேர்த்தால் 13.1 விழுக்காடு. இது சம ஊதியக் கணக்கன்று. நாட்டின் எல்லா வேலைகளையும் ஒன்றாகப் போட்டு எடுத்த கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

கடைசியாக ஊராட்சி மன்றங்களின் கதை. இதில் நமக்குச் சற்று மனவேதனை உண்டு. பிரிட்டனின் மாநகராட்சிகளில் குப்பை அள்ளுவோர், தெருக்கூட்டுவோர் போன்ற ஆண்களுக்கு நெடுங்காலமாக ‘போனஸ்’ வழங்கப்பட்டது. அதே ஊதியத் தரத்திலிருந்த பள்ளிச் சமையற்காரிகளுக்கும் முதியோரைப் பேணும் பெண்களுக்கும் அது இல்லை. இதை ஒழுங்குபடுத்த 1997-இல் நாடு தழுவிய உடன்பாடு ஏற்பட்டும், மன்றங்கள் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டன. ஒத்திப்போட்ட ஒவ்வோராண்டும் நிலுவையாக வளர்ந்தது. கிளாஸ்கோவில் 2018 அக்டோபரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இரண்டு நாட்கள் வேலையை நிறுத்தினர். குப்பை அள்ளும் ஆண்களிற் பலரும் அவர்கள் நின்ற வரிசையைத் தாண்டிச் செல்ல மறுத்து உடன் நின்றனர். மறு ஆண்டில் ஏறத்தாழ 50 கோடி பவுண்டுக்கு உடன்பாடு வந்தது.

பர்மிங்காமில் 2012-இல் முன்னாள் பணியாளர் 174 பேருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பாயத்தின் ஆறு மாதக் கெடு தவறினாலும் ஆறாண்டுக் கெடுவுள்ள பொது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்றது அத்தீர்ப்பு. அதன்பின் மாநகராட்சி வழங்கிய தொகை ஏறக்குறைய 110 கோடி பவுண்டு. அதற்காகத் தன் தேசியக் கண்காட்சி மையத்தை 2015-இல் விற்றது. அத்தோடாவது பாடம் கற்றிருக்கலாம். ஆனால் குப்பை அள்ளும் பிரிவில் வேலை முடிந்ததும் முழுநேரக் கூலியோடு முன்கூட்டியே வீடு திரும்பும் வழக்கம் இடம்பெற்றது என்று சுட்டிப் புதிய வழக்குகள் கிளம்பின. 2023 செப்டம்பரில் மாநகராட்சி தன்னால் கணக்கை நேர்செய்ய முடியாதென அறிவித்தது. சம ஊதிய நிலுவை 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை இருக்கும் என்பது அப்போதைய மதிப்பீடு. அது மிகையென்று பின்னர் வாதிட்டோரும் உண்டு. 2024-இல் வரி ஏறத்தாழப் பத்து விழுக்காடு உயர்ந்தது. பொதுச் சேவைகளில் பெரும் வெட்டு விழுந்தது. ஒத்திப்போட்ட அதிகாரிகள் கட்டவில்லை. அந்நகர மக்கள் கட்டினர். அவர்களிற் பலர் கூலி மறுக்கப்பட்ட அதே சமையற்காரிகளும் அவர்தம் பிள்ளைகளுமாய் இருப்பர்.

2025-இல் குப்பை வண்டிப் பணியாளரின் பதவியொன்றை மாநகராட்சி நீக்கியது. அதை வைத்திருந்தால் மீண்டும் சம ஊதிய வழக்கு வரும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. பெண்ணின் கூலியை உயர்த்திச் சமன் செய்வதாயிருந்த கொள்கை, ஆணின் கூலியைத் தாழ்த்திச் சமன் செய்வதாக மாறிவிட்டது என்று சங்கத்தினர் சினந்தனர். மார்ச் மாதம் முழு வேலைநிறுத்தம் தொடங்கியது. மாத இறுதியில் 17,000 டன் குப்பை தெருக்களிற் கிடந்தது. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஸ்மால் ஹீத் முதலிய பகுதிகளில், வீட்டு வாசலில் மலைபோல் குவிந்த பைகளைச் சுற்றி எலிகள் ஓடுவதாக அங்குள்ளோர் செய்தியாளரிடம் கூறிக்கொண்டிருந்தனர்.